அந்தப் பெயருக்கு ஏன் திரும்பினீர்கள்?

கோபம் தீராத அன்போடு, அப்பாவுக்கு,

நாளைக் காலை கோர்ட்டில் சாட்சி சொல்லப் போகிறேன். உங்களைக் கொன்றது யார் என்று கேட்பார்கள். அதற்குள் உங்களோடு சண்டை போட்டு முடித்துவிடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

மந்தாரக்குப்பம் பஸ் ஸ்டாப்பில் நின்ற உங்கள் எம்.எல்.ஏ. பேனரைக் கிழித்து, பழக்கடைக்காரர் வெயிலுக்குக் கட்டியிருக்கிறார். நீங்கள் ஓட்டிய போர் விமானத்தின் வாலும் உங்கள் மீசையும் மட்டும் தெரிகின்றன. நீங்கள் இறந்துவிட்டதால் லஞ்ச வழக்கை மூடிவிட்டார்கள். சந்தோஷமா?

போர் முடிந்து பதக்கத்தோடு வந்தபோது வளையமாதேவி ஊர்க்காரர்கள் கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்து உங்களைப் பெயர் வைக்கச் சொன்னார்கள். ஆண் பிள்ளைகளுக்கெல்லாம் ரஞ்சித் என்றே வைத்தீர்கள். உங்களோடு பறந்து, திரும்பி வராத சிநேகிதரின் பெயர். அந்த ஊரில் இன்று ஆறு ரஞ்சித். அவர்களுடைய அப்பாக்கள்தான் பிறகு உங்களுக்காகத் தெருத்தெருவாக ஓட்டுக் கேட்டார்கள்.

சுரங்கத்துக்கு நிலம் போன குடும்பங்களுக்குப் பெர்மனன்ட் வேலை என்று சொல்லிப் பட்டியல் எழுதினீர்கள். அது நம் சாப்பாட்டு மேஜையில் கிடந்தது. ஒரு ரஞ்சித்தின் பெயரை அடித்துவிட்டு, ஒரு சென்ட் நிலம்கூட இழக்காத, காசு கொடுத்த ஒருவன் பெயரை எழுதியிருந்தீர்கள். அந்த ரஞ்சித் சான்றிதழ் ஃபைலோடு எத்தனை தடவை நம் கேட்டில் நின்றான். எனக்கு எல்லாம் தெரிந்தது. சாம்பாரை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டேன். ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை?

லஞ்ச வழக்கில் கைதாகி ஜாமீனில் வந்த மறுநாளே அந்த ஊருக்குக் கிளம்பினீர்கள். நான் கார் சாவியை ஒளித்து வைத்தும் பலிக்கவில்லை; நானும் கூடவே ஏறிக்கொண்டேன். வெள்ளைச் சட்டையில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு, "இதப் பாத்தா கை ஓங்க மாட்டாங்கம்மா" என்றீர்கள். போரைப் பார்த்தவர் மனிதர்களை இப்படியா எடை போடுவார்?

கார் நிற்பதற்குள் முன்கண்ணாடி நொறுங்கியது. டிரைவர் ஓடிவிட்டார். காலரைப் பிடித்து உங்களை வெளியே இழுத்தார்கள். பதக்கங்கள் சட்டைத் துணியோடு பிய்ந்து வந்தன. செங்கல், செருப்பு, கடைசியில் மண்வெட்டிக் காம்பு. வெட்டுவதற்கு நிலமில்லாதவன் கையில் காம்பு மட்டும் இருந்தது. நான் ஒருவன் மணிக்கட்டைக் கடித்தேன். எலும்பு பல்லில் பட்டும் விடவில்லை. அந்த ரத்தத்தின் உப்பு இன்னும் வாயில் இருக்கிறது.

அப்போது பின்னாலிருந்து எவனோ, "ரஞ்சித்து, போடுடா" என்று கத்தினான். நீங்கள் சட்டென்று திரும்பினீர்கள். முகத்தில் பயமில்லை, ஒரு சந்தோஷம் இருந்தது. யாரைத் தேடினீர்கள் அப்பா? காம்பு நெற்றிப்பொட்டில் இறங்கியது. அடித்தவன் முகத்தை ஒரு கை தூரத்தில் பார்த்தேன். கேட்டில் நின்றவனேதான்.

ஆஸ்பத்திரி போகும் வழியில் என் கையைப் பிடித்து, "யாருன்னு தெரியலன்னு சொல்லிடு" என்றீர்கள். அவனைக் காப்பாற்றவா, பட்டியலை மறைக்கவா? அதைச் சொல்லாமலே மூன்றாம் நாள் போய்விட்டீர்கள். நானும் போலீஸிடம் தெரியாது என்றேன். செல்போன் வீடியோக்களில் முதுகுகள்தான் இருந்தன. ஆனால் அந்தக் குரல் பதிவாகியிருந்தது. ஆறு ரஞ்சித்தையும் அள்ளிக்கொண்டு போய் உள்ளே வைத்துவிட்டார்கள். லாக்கப்பில் ஒருவனுக்குக் கை உடைந்ததாம்.

இன்று மதியம், கேட்டில் நின்றவனுடைய அம்மா நம் வீட்டுக்கு வந்தார். காலில் விழுவார் என்று நினைத்தேன். கொடுத்த தண்ணீரைக்கூட வாங்கவில்லை.

"எம் புள்ளதாங்க அடிச்சான். எங்கிட்ட சொல்லிட்டான். மத்த அஞ்சு வூட்லயும் அழுதுகினு கெடக்கறாங்க. நாளைக்கு அவனக் காட்டிடுங்க. எதுக்கு அடிச்சான்னும் நீங்கதான் சொல்லணும்."

சொல்லிவிட்டு வெயிலிலேயே நடந்து போனார். பஸ்ஸுக்குக்கூட நிற்கவில்லை.

அவனை என்னால் மன்னிக்க முடியவில்லை அப்பா. உங்களையும்தான். நாளைக்குக் கூண்டில் ஏறியதும் முதலில் பட்டியலைச் சொல்வேன். எதிரில் உட்கார்ந்து நான் சாப்பிட்டதைச் சொல்வேன். அதற்குப் பிறகுதான் அவனைக் கை காட்டுவேன். இந்த வரிசையை மாற்ற மாட்டேன், உங்கள் மேல் சத்தியம்.

உங்களைக் காட்டிக்கொடுக்கப் போகும்
உங்கள் ஒரே மகள்,
சுமதி