செராய் வாங்கி வந்த அண்ணனுக்கு

என் அருமை அண்ணே,

உறுதியான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். செமோரில் உன் வீட்டின் பின்னால் நீ வளர்த்தது எலுமிச்சைப்புல் அல்ல. சொன்னவர் ஈப்போ விவசாய அலுவலகத்தின் மலாய் அதிகாரி ஒருவர்; திங்கட்கிழமை காலை, என் கண் முன்னால். நான் வேரோடு பிடுங்கிக்கொண்டு போன தூரைப் பிரித்து, தண்டின் அடியில் ஓடிய சிவப்பைக் காட்டினார். "இது செராய் மாக்கான் இல்லை, செராய் வாங்கி" என்றார். மலாயில் இரண்டும் செராய்தான்; முன்னது கறியில் போடும் எலுமிச்சைப்புல். உன்னுடையது வாசத்துக்காக வளர்ப்பது.

எனக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது.

சுங்காய் ஊரில் ஒரு பாக்சிக்கிடம், அந்த மலாய்ப் பெரியவரிடம், இந்தக் கன்றுகளை எடுத்து வந்த நாளிலிருந்து எத்தனை பேரிடம் அந்த வேடிக்கையைச் சொல்லியிருப்பாய்! "அந்தப் பாக்சிக் 'செராய் வாங்கி, செராய் வாங்கி'ன்னாரு. சரின்னு நானும் வாங்கிட்டேன் லா!" மலாயில் 'வாங்கி' என்ற சொல்லுக்கு வாசம் என்று பொருள் என்பது உனக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனால் சிரிப்பு வளர வளர, பெயர் தேய்ந்து வெறும் செராய் ஆகிவிட்டது. லாரி ஓட்டுவதை விட்டபின் எண்ணெய் வடிக்கத் தொடங்கியபோது, புட்டிகளில் 'எலுமிச்சைப்புல் எண்ணெய்' என்று எழுதி ஒட்டினாய். அண்ணி ஒருமுறை அந்தத் தண்டைக் கோழிக்கறியில் போட்டாள், கசந்தது. நீ புல்லைச் சந்தேகப்படவில்லை, அண்ணியின் கைப்பக்குவத்தைத்தான் சந்தேகப்பட்டாய்.

இப்போது ஏன் இதையெல்லாம் கிளறுகிறேன் என்று கேட்பாய். அண்ணிக்கு வயிறு எரிகிறது. சாப்பாடு இறங்குவதில்லை. நீ போய்ச் சேர்ந்த துக்கம் என்றே எல்லோரும் நினைத்தோம். போன வாரம் வற்புறுத்தி கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். டாக்டர், வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். அண்ணி தயங்காமல் சொன்னாள்: "தினம் காலையில சுடுதண்ணியில செராய் எண்ணெய் ரெண்டு சொட்டு. எங்க வீட்டுக்காரரு சொல்லிக் குடுத்தது."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எந்தச் செராய் என்று கேட்டார். எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. அதனால்தான் தூரைப் பிடுங்கினேன்.

'புல்லைப் போட்டு டீ குடிக்கிறோம், எண்ணெய் மட்டும் கெடுத்துருமா' என்று நீ சொன்னது நினைவிருக்கிறதா? டாக்டர் சொன்னதை அப்படியே தருகிறேன். தண்டைத் தட்டிப் போட்ட டீ வேறு. ஒரு கூடைப் புல்லை ஒரு சிறு புட்டிக்குள் அடக்கிய எண்ணெய் வேறு. எந்தச் செராயாக இருந்தாலும் எண்ணெயை உள்ளுக்குச் சாப்பிடக் கூடாது. அண்ணியின் எரிச்சலுக்கு அதுதான் காரணமா என்பதை அவர் உறுதி செய்யவில்லை. நானும் செய்யவில்லை.

உன் எண்ணெயைக் குறை சொல்கிறேன் என்று முகத்தைத் திருப்பாதே. அதிகாரியிடம் நல்லதையும் கேட்டுத்தான் வந்தேன். கொசுவை விரட்ட உன் செராய் வாங்கிதான் கெட்டிக்காரி. தரை துடைக்கும் தண்ணீரில் சில சொட்டு விட்டால் வீடு மணக்கும். சமையல் செராயின் எண்ணெயைத் தேங்காயெண்ணெயில் நன்றாகக் கலந்து, அலுத்த கைகாலுக்குத் தேய்ப்பவர்கள் உண்டு. மணத்தில் மனம் இளகுகிறது என்கிறார்கள். பூஞ்சையை அது தடுக்குமா என்று ஆராய்கிறார்கள். மருந்து என்று சொல்லும் அளவுக்கு இன்னும் வரவில்லை. எதையும் நேராகத் தோலில் ஊற்றக் கூடாது. முன்கையில் சிறிது தடவிப் பார்த்த பிறகே மற்ற இடத்தில். உன் முழங்கால் வலி உன் எண்ணெயால் தேறியதா, அண்ணி தேய்த்துவிட்டதால் தேறியதா? அதை நீதான் சொல்ல வேண்டும்.

சிலிம் ரிவர் ஊர் வரைக்கும் புட்டிகளைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய். யார் யாரிடம் குடிக்கச் சொன்னாய்? இரண்டு நாளாக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பத்திரிகைக்காரர்கள் நாங்கள், தவறு வந்தால் திருத்தம் போடுவோம். இந்தக் கடிதத்தை எல்லோரும் படிக்கும்படி எழுதுவது அதற்குத்தான். என் அண்ணன் கையால் எண்ணெய் வாங்கியவர்களே, தயவுசெய்து குடிக்காதீர்கள்.

நேற்று இதை அண்ணியிடம் சொன்னேன். புட்டியைச் சேலைத் தலைப்பில் சுற்றி வைத்துக்கொண்டாள்.

"பேரு தப்புன்னா, மனுசனும் தப்பா?"

"அண்ணி, குடிக்க வேணாம்னுதான் சொல்றேன். மோந்து பாருங்க, தொடைங்க, கொசுவுக்கு அடிங்க..."

"கொசுவுக்கா? முப்பது வருசம் குடும்பம் நடத்துனேன், கொசுவுக்கு அடிக்கவா?" சிரித்தாள். சிரித்தபடியே வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "நீ உங்க அண்ணனுக்குக் கடுதாசி எழுதுறியே, பதில் போட்டாரா?"

"இல்ல."

"ஆனாலும் எழுதுற. நானும் அப்படித்தான் குடிக்கிறேன் லா. என்னை மட்டும் நிறுத்தச் சொல்ற."

ஊரெல்லாம் கேள்வி கேட்டுப் பிழைத்தவள் நான். இதற்கு நீ என்ன சொல்லியிருப்பாய், அண்ணே?

கடைசியில் அவளே இறங்கி வந்தாள். "வியாழன் வரைக்கும் தொட மாட்டேன். டாக்டர் என்ன சொல்றாருன்னு பாக்கலாம்." அதற்குப் பிறகு என்ன என்பதற்கு வாக்குக் கொடுக்கவில்லை.

போன வாரம் கிளினிக்கில் எடுத்த இரத்தப் பரிசோதனையின் முடிவு இன்னும் வரவில்லை. வியாழக்கிழமை காலை கிடைக்கும் என்றிருக்கிறார்கள். வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டுமா என்பதும் அன்றுதான் தெரியும். நான் கூடப் போகிறேன். டாக்டர் எதைச் சொன்னாலும், கூட்டாமல் குறைக்காமல், முதலில் அவளிடம் சொல்வேன். இனி அவளுடைய காலைகளில் நான் இருப்பேன். கோப்பையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பேன். இது என் வாக்கு.

உன் தங்கச்சி, அவளுக்கு நாத்தனார்,
சரோஜா