மோட்டார் நின்ற நான்கு நாள்

பங்குனி 4
காலையிலேயே வெயில் சுள்ளென்று. மோட்டார் காயில் கருகிவிட்டது. வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பஸ் மேலே ஏற்றி மன்னார்புரம் பட்டறைக்கு. நாலைந்து நாள் ஆகுமாம். வாங்க வேண்டியது: கிரீஸ், வாஷர், பெரியவளுக்குக் கோடு போட்ட நோட்டு. நோட்டு மறந்துபோச்சு.

பங்குனி 6
வெங்காயத் தாள் நுனி மஞ்சள். பயிர் பார்க்கிற சர்க்கார் ஆள், கிராம சேவக் வந்தார். "வயல் முழுக்கத் தேக்காதீங்க. பாத்தியைச் சின்னதாக் கட்டி, வேர் நனையற அளவுக்கு விட்டாப் போதும்." பேனா பிடிக்கிற கை, எனக்குச் சொல்லித் தருகிறது. தலையாட்டி அனுப்பினேன்.

பங்குனி 8
அக்கா வந்தாள். அவளைக் கொடுத்திருப்பது பக்கத்து வயல்காரருக்குத்தான். நான் கிணற்றை ஆழப்படுத்தி மோட்டார் வைத்ததிலிருந்து அவர்கள் கிணறு வற்றிக் கிடக்கிறது. மாமா தூர் எடுக்காத சோம்பேறி என்று ஊரெல்லாம் சொன்னவன் நான்.

"உன் மோட்டார் நின்ன நாலு நாள்ல எங்க கிணத்துல தண்ணி மூணு படி ஏறியிருக்கு தம்பி. மாட்டைப் பூட்டி கவலையில தண்ணி இறைச்சோம்." அவ்வளவுதான் சொன்னாள். சுருக்கென்றது. காப்பிகூடக் குடிக்காமல் போனாள்.

பங்குனி 9
மோட்டார் வந்தாச்சு. இன்னும் இரண்டு தண்ணீர் பாய்ச்சினால் வெங்காயம் தேறிவிடும். அப்புறம் நிறுத்திக்கொள்ளலாம். போட்டேன். வரப்பு வழிய.

பங்குனி 12
இரண்டாம் தண்ணீரும் ஆச்சு. தெரிந்தே செய்தேன். பாவி நான். வேறு என்ன எழுத.

பங்குனி 14
நேற்றிலிருந்து மோட்டார் போடவில்லை. பாத்திகளைச் சின்னதாகக் கட்டினேன், இடுப்பு வலி. இனி தண்ணீர் ஒரு நாள் எனக்கு, ஒரு நாள் அக்காவுக்கு. சொல்லப் போனேன். அக்கா வீட்டுத் தொழுவம் காலி.

"கிணறு மறுபடி வத்திப் போச்சு. மாட்டுக்குத் தீனி போட்டு என்ன பண்றதுன்னு முந்தாநாள் சந்தையில குடுத்துட்டாரு." மாமா பொன்மலைக்குக் கூலி வேலை கேட்டுப் போயிருக்கிறார். சொல்ல வந்த பேச்சோடு அப்படியே திரும்பினேன்.

பங்குனி 15
அக்கா கிணற்றில் இரண்டு படி ஏறியிருக்கிறது. என் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனேன், அவள் கவலையில் பூட்ட. கயிற்றை வாங்க அவள் கை நீட்டவில்லை.

"பயிர் காஞ்சாச்சு தம்பி. உன்னோடதாவது வெளையட்டும். போய் மோட்டாரைப் போடு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மாட்டைத் திருப்பி ஓட்டிக்கொண்டு வந்தேன். மோட்டார் போடவில்லை.