வீடு பார்த்தபோது கேட்க மறந்தது

கிளாஸ்கோ,
நவம்பர் 9

அன்புள்ள உங்களுக்கு,

சர்க்கரை எப்படி இருக்கிறது? மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால்தானே போடுகிறீர்கள்? நான் நலம். பாதத்தில் கொஞ்சம் வெடிப்பு, வேறொன்றுமில்லை.

வீடு முடிவாகிவிட்டது. பல்கலைக்கழகத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். என் உதவித்தொகைக்குக் கட்டுப்படியாகிற பகுதி இது ஒன்றுதான். ஆபத்தான இடம் என்று இணையத்தில் எழுதியிருந்தார்கள். போய்ப் பார்த்தேன். வயதானவர்கள் நாயோடு நடக்கிறார்கள், அவ்வளவுதான்.

தவறு என்னுடையது. நம் ஊர் வழக்கப்படி, தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும், பிடித்துவைக்கத் தொட்டி உண்டா என்றெல்லாம் வீட்டுக்காரம்மாவைத் துருவிக் கேட்டுவிட்டு, ஜூன் வரைக்கும் கையெழுத்துப் போட்டேன். படுக்கையறையில் ஹீட்டர் இல்லை. உடன் படிக்கும் கடையநல்லூர் சபீரா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"யக்கா, தண்ணி இங்கன எந்நேரமும் வருமே! ரூம்ல சூடு உண்டான்னுல்லா கேக்கணும். இருபது வருசம் காலேஜ்ல என்னத்தப் பாடம் நடத்துனீய?"

அவள் இருக்கும் பகுதிக்கு மாறச் சொல்கிறாள். அங்கே வாடகை இரட்டிப்பு. மாறினால் இரண்டாம் வருடம் படிக்க முடியாது. இந்த வயதில் பாதியில் திரும்பி வந்து எல்லோருக்கும் பதில் சொல்லத் தெம்பில்லை. சாக்ஸ் போட்டுக்கொண்டு தூங்கப் பழகிவிட்டேன். இங்கேயே இருக்கிறேன்.

சபீராவின் அண்ணன் வெள்ளிக்கிழமை ஊரிலிருந்து கிளம்புகிறார். வேப்பெண்ணெயும் நீங்கள் போர்த்தும் பச்சைப் போர்வையும் கொடுத்தனுப்புங்கள். புதிது வாங்க வேண்டாம். அதையே இரண்டாக மடித்துக்கொள்வேன். துவைக்கவும் வேண்டாம், காய நேரமிருக்காது.

பஸ் வந்துவிட்டது.

செண்பகம்