குட்டி ரயில் போகும் தூரம்

தங்கச்சிக்கு,

ரயிலில் போன அம்மா ஏன் இன்னும் ரயிலில் திரும்பி வரவில்லை என்று உன் மகள் கேட்கிறாள். சிகிச்சையில் முடியெல்லாம் கொட்டிப்போன உன்னை அவள் பார்க்கக் கூடாது, ஊருக்குப் போயிருப்பதாகச் சொல் என்றாய். ரயிலில் போனாய் என்றது மட்டும் என் கைச்சரக்கு.

இன்று பூங்காவில் குட்டி ரயிலைப் பார்த்ததும் என் கையை உதறிவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொண்டாள். ஒரு குகை, வாத்துக்குளம், மறுபடி அதே டிக்கெட் ஜன்னல். இறங்க மறுத்தாள்.

"இன்னும் அம்மா வரல."

மூன்று சுற்று போனோம். கடைசியில் ஓட்டுநர், "பாப்பா, எத்தனை தரம் சுத்தினாலும் இந்த வண்டி இங்கேயேதான் வந்து நிக்கும்" என்றார். வீறிட்டு அழுதாள்.

சமாதானப்படுத்த மட்டக்குதிரையில் ஏற்றினேன்.

"எங்க போகணும், மகாராணி?" என்றார் குதிரைக்காரர்.

"அம்மாகிட்ட."

"அதான் பக்கத்துலயே நிக்கறாங்களே!"

நான் குதிரையின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒழுங்காகச் சாப்பிடு. போன வாரம் அவள் தன் பொம்மையின் முடியைப் பிய்த்து மொட்டையாக்கிவிட்டாள். இப்போதும் அதைக் கட்டிக்கொண்டுதான் தூங்குகிறாள்.

உன் அக்கா

மறுநாள் மாலை. கடிதத்தை இன்னும் தபாலில் சேர்க்கவில்லை. இன்றும் பூங்காவுக்குப் போனோம். ரயில் பக்கம் அவள் திரும்பவே இல்லை. குதிரைக்காரர் அதே கேள்வியைக் கேட்டார். "அந்த மரம் வரைக்கும்" என்றாள். காலையில் கண்விழித்ததிலிருந்து இதுவரை உன்னைப் பற்றி ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.