நிக்கோசியாவில் இருக்கும் மகனுக்கு, வெள்ளிக்கிழமைக்கு முன்

கோல சிலாங்கூர்
15 அக்டோபர் 2025, புதன்கிழமை

அன்பு மகன் லுக்மானுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீ உயிரோடு இருக்கிறாய், உடம்பில் காயம் இல்லை, நிக்கோசியாவின் தெற்குப் பாதியில் காவலில் வைக்கப்பட்டிருக்கிறாய். இது நேற்று மாலை 6.12க்கு உன் வழக்கறிஞர் அம்மையார் அனுப்பிய மின்னஞ்சலில் வந்த செய்தி. அன்று காலை உன்னை நேரில் பார்த்ததாகவும், நீ ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டதாகவும், சலாம் சொல்லச் சொன்னதாகவும் எழுதியிருந்தார். அந்த முட்டை வரியை உம்மா என்னிடம் மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். இங்கே நாங்கள் நலம் என்று எழுதுவதுதான் முறை, உடம்பைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. உம்மாவுக்கு இரத்த அழுத்தம் திங்கட்கிழமை கிளினிக்கில் 158 காட்டியது, மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள். உன் தங்கை நாதியா செரண்டாவில் இருக்கும் தொழிற்சாலையில் ஒரு வாரம் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள், உன் வழக்கறிஞருக்குப் போகும் ஆங்கிலக் கடிதங்களை அவள்தான் பார்த்துக் கொடுக்கிறாள். சுங்கை ஆயர் தாவாரிலிருந்து உன் சுல்கிஃப்லி மாமா கடையை ஆட்களிடம் விட்டுவிட்டுத் தினமும் வந்துபோகிறார். வரும்போதெல்லாம் ஒரு வாளி மீன்கறி கொண்டுவருகிறார், யாரும் சாப்பிடுவதில்லை.

இந்தக் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்புகிறேன், நாளை வழக்கறிஞரே அச்செடுத்து உன் கையில் தருவார். அவர் வழியாக வருவதைக் காவலர்கள் பிரித்துப் படிக்கக் கூடாதாம். அதனால் எதையும் மறைக்காமல் எழுதுகிறேன். நீ ஞாயிறு ஐந்தாம் தேதி வழக்கம்போலப் பேசினாய். செவ்வாய்க்கிழமை உன் அறைத் தோழன், நீ திங்கட்கிழமை காலை போனவன் இன்னும் அறைக்குத் திரும்பவில்லை என்று செய்தி அனுப்பினான். யாரோ ஒரு நண்பனின் காரில் பின் இருக்கையில் படுத்துக்கொண்டு எல்லையைத் தாண்டித் தெற்கே போயிருக்கிறாய், பாஸ்போர்ட் அறையிலேயே இருக்கிறது, அதற்குமேல் அவனுக்குத் தெரியாது. புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் உன் தொலைபேசி அணைந்தே இருந்தது. சனிக்கிழமை காலை நான் உட்கார்ந்து ஒரு மின்னஞ்சல் எழுதினேன். முப்பத்தொரு ஆண்டு இந்த மாவட்டத்தின் செய்திகளைப் பத்திரிகைக்கு அனுப்பியவன் எப்படி எழுதுவானோ அப்படி எழுதினேன். யார், எங்கே, எப்போது, எப்படி. பெயர், வயது 27, வடக்குப் பாதியில் உள்ள பல்கலைக்கழகத்தில் மாணவன், கடந்த ஆண்டு செப்டம்பர் 19ஆம் தேதி இஸ்தான்புல் வழியாக வடக்கு விமான நிலையத்தில் இறங்கியவன், விமான எண் இது, இருக்கை எண் இது. காணாமல் போன ஒருவரைத் தேடும்போது விவரம் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்லது என்று நம்பினேன். செய்தியை ஒரே இடத்துக்கு அனுப்பி நான் பழகியதில்லை, ஏழு முகவரிகளைப் போட்டேன். நீ இருக்கும் அந்தப் பிரிந்த தீவைக் கவனிக்கும் நம் தூதரகம், இரண்டு உதவி அமைப்புகள், உன் பல்கலைக்கழகம், ஐ.நா. படையின் அலுவலகம், வடக்குக் காவல்துறை, தெற்குக் காவல்துறை.

அந்த ஏழாவது முகவரி செய்த வேலை உனக்கு இப்போது தெரிந்திருக்கும். பிடிபட்டதும் நீ அந்தத் தெற்குக் காவலர்களிடம் சொல்லியிருந்தது வேறு. தெற்கு விமான நிலையத்தில் இறங்கிய சுற்றுலாப் பயணி, பாஸ்போர்ட் தொலைந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறாய். வடக்கு விமான நிலையத்தைத் தெற்கு அரசு தீவின் வாசலாகவே ஏற்பதில்லை, அதன் வழியாக வந்தவன் சட்டப்படி நுழையாதவன். நீ பயந்து சொன்னாயா, காரோட்டிய நண்பனைக் காப்பாற்றச் சொன்னாயா என்று எனக்குத் தெரியாது. ஐந்து நாள் நீ சொன்னதை அவர்கள் மறுக்க வழியில்லாமல் இருந்தார்கள், அந்தப் பக்கத்துப் பதிவேடுகளை இந்தப் பக்கம் கேட்பதே இல்லையாம். ஆறாவது நாள் உன் வாப்பா இருக்கை எண்ணோடு எழுதி அனுப்பினான்.

நேற்று வழக்கறிஞரின் மின்னஞ்சலில் இதை வாசித்து முடித்தபோது உம்மா அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். நீங்க பேப்பருக்கு எழுதுற மாதிரியே எழுதிட்டீங்களா, பெத்த புள்ளைக்கு எழுதத் தெரியாதா உங்களுக்கு என்றாள். அவ்வளவுதான், அதற்குப் பிறகு என்னோடு பேச்சில்லை, சொல்ல வேண்டியதை நாதியாவிடம் சொல்லி அனுப்புகிறாள். சுல்கிஃப்லி வந்ததும் கேட்டார், ஏன் மச்சான் ஏழு பேருக்கு அனுப்பினீங்க, கல்யாணப் பத்திரிகையா என்று. நாதியா சிரித்துவிட்டாள், பிறகு எழுந்து குளியலறைக்குள் போய் வெகுநேரம் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தாள்.

மகனே, நான் ஏன் இவ்வளவு பயந்தேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். பேசாமல் இருந்த அந்த நாட்களில் நான் உன் ஊரின் கதையைப் படித்தேன், படித்திருக்கக் கூடாது. நீ படிக்கப் போனபோது சாக்கடைக் குழாய் பற்றிய ஆய்வு என்றாய், நான் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டேன், அந்த ஊர் எப்படிப் பிரிந்தது என்று ஒரு வரிகூடப் படிக்கவில்லை. இப்போது தெரியும். 1963 டிசம்பரில் கிரேக்கரும் துருக்கியரும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டபோது ஒரு பிரிட்டிஷ் தளபதி வரைபடத்தின் மேல் பச்சைப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார், கையில் கிடைத்த பென்சில் அது, அதனால் இன்றைக்கும் அதற்குப் பச்சைக் கோடு என்று பெயர். அடுத்த ஆண்டு ஐ.நா. படை வந்தது, மூன்று மாதத்துக்கு என்று வந்தவர்கள் அறுபத்தொரு ஆண்டாக அங்கேயே இருக்கிறார்கள். 1974இல் ஆட்சிக் கவிழ்ப்பு, அதைத் தொடர்ந்து துருக்கிப் படை இறங்கியது, அந்தக் கோடு தீவின் குறுக்கே நூற்றெண்பது கிலோமீட்டர் நீண்டுவிட்டது. பழைய நகரத்துக்குள் அது சில இடங்களில் ஒரு லோரி நுழையாத அகலம்தான். இரண்டு பக்கமும் மணல் மூட்டை, தார் பீப்பாய், காவல் மேடை, நடுவில் ஐம்பது ஆண்டாகத் திறக்காத கடைகள். 2003இல் முதன்முறையாகக் கதவைத் திறந்தபோது சனங்கள் வரிசையில் நின்று தங்கள் பழைய வீட்டைப் பார்க்கப் போனார்களாம், அந்த வீடுகளில் வேறு யாரோ குடியிருந்து காப்பி கொடுத்திருக்கிறார்கள். இதெல்லாம் படித்துத் தாங்கினேன். தாங்காதது ஒன்று. இரண்டு காலத்திலும் சேர்த்து ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் காணாமல் போனார்கள், இரண்டு பக்கத்திலும். இன்றைக்கும் கிணறுகளையும் வயல்களையும் தோண்டி எலும்புகளை எடுத்து, யாருடையது என்று பரிசோதித்து, குடும்பத்தைக் கூப்பிட்டு ஒப்படைக்கிறார்கள். ஐம்பது ஆண்டு காத்திருந்த தாய்மார்களின் பெயர்கள் அதில் இருந்தன. அப்போது நீ பேசாமல் போய் ஆறாம் நாள். அந்தப் பக்கத்தை மூடிவிட்டுத்தான் நான் மின்னஞ்சல் எழுத உட்கார்ந்தேன். இது சாக்கு இல்லை, நடந்த வரிசை.

உன் ஆய்வு எனக்கு இப்போதுதான் புரிந்தது. மேலே சுட்டுக்கொள்ளும் கோடு, கீழே இரண்டு பாதிக்கும் ஒரே கழிவுநீர்க் குழாய். கைகுலுக்கக்கூட முடியாத காலத்தில் இரண்டு பக்கத்து நகரத் தலைவர்களும் அதை மட்டும் பேசி முடித்தார்கள், இல்லாவிட்டால் இரண்டு பேருக்கும்தான் நாறும். வடக்கில் அந்தக் குழாயின் எல்லா மூடியையும் பார்த்துவிட்டாய், தெற்கிலும் பார்க்க வேண்டும், அதற்குத்தான் போயிருப்பாய். ஆனால் நீ படமெடுத்த மூடிக்குப் பின்னால் இருபதடியில் ஒரு காவல் மேடை இருந்தது என்று வழக்கறிஞர் எழுதியிருக்கிறார், அந்த இடத்தில் படம் எடுக்கக் கூடாது என்று பலகையே இருந்ததாம். பலகையைக் கண்டு நிற்காத பழக்கம் உனக்கு என்னிடமிருந்து வந்தது. புக்கிட் ரோத்தானுக்கு உள்ளே ஒரு தோட்டத்தை இரண்டாகப் பிரித்து விற்று, தொழிலாளர் வீடுகள் இருந்த லயத்துக்கும் கோவிலுக்கும் நடுவே முள்வேலி போட்டார்களே, அந்தச் செய்திக்கு உன்னையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன், உனக்கு எட்டு வயது. பூசைத் தட்டோடு போகிற பெண்கள் வேலியில் போட்டிருந்த ஓட்டை வழியாக நீயும் போய்வந்தாய், காவலாளி கத்திக்கொண்டு துரத்தினான். தோட்டத்தில் ஆட்களை மேற்பார்த்த செல்லையா மண்டோர், விடுங்க ரிப்போட்டரு, வேலி அவங்களுது, வழி நம்மளுது என்றார். நான் அதையே தலைப்பாகப் போட்டேன். அந்தக் காவலாளியிடம் இருந்தது ஒரு பிரம்பு. உன்னைப் பிடித்தவர்களிடம் இருந்தது அது அல்ல.

இனி முக்கியமானது. வழக்கறிஞர் நேற்று எழுதியதைக் கூட்டாமல் குறைக்காமல் தருகிறேன். விசாரணைக்கு முன் நீயாகவே வாக்குமூலத்தைத் திருத்திச் சொன்னால், நாட்டைவிட்டு அனுப்புவது, சில ஆண்டு திரும்ப வர விடாதது என்ற அளவில் முடிய வாய்ப்பு இருக்கிறது. உறுதி இல்லை. பட்டமும் போகலாம். திருத்தாமல் நின்றால், இவன் ஏன் பொய் சொல்கிறான், காவல் மேடைப் பக்கம் ஏன் படமெடுத்தான் என்று இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார்கள், தனி வழக்காகும். எனக்கு அவர் ஒரே கேள்வி வைத்திருக்கிறார். விமான நிலையத்தைப் பற்றி எழுதியது எனக்கு உறுதியாகத் தெரியுமா, உறுதியில்லை என்றால் அப்படியே எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பலாம், உறுதி என்றால் அனுப்ப வேண்டாம். அவர் பொய் சொல்லச் சொல்லவில்லை. உறுதியில்லை என்று என் தாள் போனால் அவர்களிடம் வேறு ஆதாரம் இல்லை, நீ சொன்னது நிற்கக்கூடும் என்று அதைப் படித்த எல்லோருக்கும் புரிந்தது. உம்மாவுக்கு முதலில் புரிந்தது. ஆனால் எனக்கு உறுதியாகத் தெரியும், லுக்மான். இரண்டு ஆதாரம் இல்லாமல் நான் எதையும் எழுதியதில்லை. உன் பயணச்சீட்டு ஒன்று, இறங்கியதும் பெயர்ப் பலகையின் கீழே நின்று நீ அனுப்பிய படம் இரண்டு. ரெண்டும் அவர் போன்லதானே இருக்கு, அழிச்சிட்டா தெரியாதுதானே என்று உம்மா நாதியாவிடம் கேட்டிருக்கிறாள்.

ஆகவே நான் உன்னைக் கேட்கிறேன், நீயே திருத்திச் சொல். உன்னைக் காரில் கொண்டுபோனவன் போன வியாழக்கிழமையே தீவைவிட்டுப் போய்விட்டான் என்று உன் அறைத் தோழன் சொல்கிறான். இது ஒருவர் சொன்னதுதான், இரண்டாவது ஆதாரம் கிடைக்கவில்லை, ஆனால் உண்மையென்றால் நீ காப்பாற்ற இனி அங்கே யாரும் இல்லை. படிப்பு பாதியில் நின்றால் நிற்கட்டும், கழிவுநீர் எல்லா ஊரிலும் ஓடுகிறது. நான் சொல்வது சரிதானா என்று எனக்குத் தெரியவில்லை. ஒருமுறை சரியென்று நினைத்துச் செய்ததில்தான் நீ இன்று இந்தச் சிக்கலில் இருக்கிறாய். இந்தப் பத்தியை மூன்றாவது முறையாக எழுதுகிறேன்.

சாப்பாட்டை வேண்டாம் என்று தள்ளாதே. மொழி புரியாத தாள் எதிலும் கையெழுத்துப் போடாதே. யாராவது குரலை உயர்த்தினால் நீ உயர்த்தாதே, உனக்கு என் குரல்தான், அது தானாக உயரும். தொழுகைக்குத் திசை தெரியாவிட்டால் தென்கிழக்கு, நாதியா பார்த்துச் சொன்னாள். உம்மா உனக்குத் தனியாக எழுத மறுத்துவிட்டாள், எழுதினால் அழுகை வருமாம். அவளுடைய துஆ ஐந்து வேளையும் உனக்குத்தான், எனக்கும் ஒரு வேளை கிடைத்தால் நல்லது. அல்லாஹ் உன்னை அவன் காவலில் வைத்துக்கொள்ளட்டும், மற்றவர்கள் காவலிலிருந்து எடுத்துவிடட்டும்.

இனி வர வேண்டியவை இரண்டு. நாளை வியாழன், உங்கள் நேரம் காலை பதினொன்றுக்கு வழக்கறிஞர் வருவார், திருத்துகிறாயா இல்லையா என்று அவரிடம் ஒரு சொல்லில் சொல், இங்கே மாலை ஐந்துக்குள் எனக்கு வந்துவிடும். விசாரணை வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை, இங்கே பிற்பகல் இரண்டரை. ஜும்ஆ தொழுகை முடிந்து நேராக வீட்டுக்கு வந்துவிடுவேன். உறுதியில்லை என்ற அந்தத் தாளை நாதியா ஆங்கிலத்தில் அடித்து மேசைமேல் வைத்திருக்கிறாள், கீழே என் பெயரும் அடையாள அட்டை எண்ணும் இருக்கின்றன. நாளை உன் பதில் இல்லை என்று வந்தால் ஐந்தே காலுக்கு அதில் கையெழுத்துப் போட்டு அனுப்புவேன். அனுப்ப மாட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அனுப்புவேன்.

உன் வாப்பா,
ஜக்கரியா