டிரெய்லரில் மூணாவது ஆள்

மாசி 9, சனி

பூச்சி, இன்றைக்கும் நல்ல வெயில். மக்காச்சோளத்தை ரோட்டோரம் கொட்டிக் காயவைத்தேன். நீ கூட்டத்தில் உட்கார்ந்து நடித்த படத்துக்கு டிரெய்லர் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுச் செல்வி போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

எழவு வீட்டுக் காட்சி. போன ஆடியில் குன்னத்துக்கு வேனில் போனாயே, அதுதான். "உசுரோட இருக்குற ஆளுக்கு மாரடிச்சு அழுவக் கூடாதுடி" என்று தலையில் அடித்துக்கொண்டேன். கேட்டாயா? ஐப்பசியில் காமாலை. நீ போய் நாலு மாதம்.

பந்தலுக்குக் கீழே மூணாவது ஆள் நீ. என் பச்சைச் சேலை. முகம் தெரியவில்லை. கண் சிமிட்டுவதற்குள் போய்விடுகிறது.

மாசி 10, ஞாயிறு

உப்பு தீர்ந்தது. வாங்க வேண்டும்.

செல்வி சொல்கிறாள்: "டிரெய்லர்லயே முழுக்கதையும் சொல்லிட்டானுவ. அம்மாக்காரி சாவுறா, மவன் திருந்துறான். இதுக்குப் போயி அரியலூருக்கு பஸ் ஏறணுமாக்கா?"

நீயும் இதையேதான் சொல்வாய். டிரெய்லரில் யாராவது இருமினால் இடைவேளைக்குள் சாவு என்பாய். இதிலும் இருமுகிறாள். நல்ல படம் இல்லை. எனக்கே தெரிகிறது.

ஆனால் படத்தில் நீ இன்னும் கொஞ்ச நேரம் இருப்பாயே.

"டிரெய்லர்ல வர்றதப் படத்துல வெட்டிப்புடுவாங்கக்கா" என்றாள் செல்வி.

போனை வாங்கி மறுபடி ஒரு தடவை பார்த்தேன்.

மாசி 12, செவ்வாய்

உன் அத்தை வந்தார். "ஏன்டி, பொண்ணு செத்து வருசம் திரும்பல. அதுக்குள்ள ஒனக்கு சினிமாக் கொட்டகை கேக்குதா?" உன் அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அத்தை சொல்வது முறைதான். வருசம் திரும்புகிறவரை அந்தப் படம் ஓடுமா? ஒரு வாரம் ஓடினால் பெரிது.

மாசி 15, வெள்ளி

சோளம் மூட்டை கட்டியாச்சு. இன்றைக்குப் படம் ரிலீஸ். போகவில்லை. அரியலூர் பஸ் நின்று போன சத்தம் கேட்டது.

செல்வி போனில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். உன் தோள் குலுங்குகிறது. "பாவம், என்னமா அழுவுது புள்ள" என்கிறாள்.

அன்றைக்கு வேனிலிருந்து இறங்கி வந்து நீ சொன்னது அவளுக்குத் தெரியாது. "மொதத் தடவ எடுக்கறப்ப பொணம் தும்மிருச்சும்மா. சிரிப்ப அடக்க முந்தானைக்குள்ள தலைய வுட்டுக்கிட்டேன். திட்டுனாங்க. மறுதடவ ஒன்னைய அங்க படுக்கவெச்சு நெனச்சேன், அழுவ வந்துருச்சு." அதற்கு முதுகில் ஒன்று வைத்தேன்.

எந்தத் தடவை எடுத்ததைப் போட்டிருக்கிறார்கள், பூச்சி? சிரிக்கிறாயா, எனக்காக அழுகிறாயா?