எதிர்க்கரை ஜன்னல்

அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? அம்மா மாத்திரையை நேரத்துக்குப் போடுறாங்களா? எனக்கு ஒரு குறையும் இல்ல.

இந்நேரம் சித்தி போன் போட்டு உங்ககிட்ட ஒரு பாட்டம் அழுதிருப்பாங்க. ஆமாம், அவங்க தெருவுல நான் வீடு எடுக்கல. ஏரியைச் சுத்தி எல்லாப் பக்கமும் பார்த்துட்டேன். வடகரை அடுக்குமாடியில வீட்டுக்காரர், "கல்யாணம் எப்போ?"ன்னு கேட்டுட்டுத்தான் கதவையே திறந்தார். கீழ்க்கரையில சித்தி தன் எதிர்வீட்டையே எனக்காகப் பேசி வச்சிருந்தாங்க. "நீ எத்தனை மணிக்கு வர்ற, போறன்னு என் அடுப்படியிலிருந்தே தெரியும்"னு பெருமையா வேற சொன்னாங்க. அதோட நான் முடிவு பண்ணிட்டேன்.

மேல்கரையில, லாண்டரிக்கு மேல ஒரு ரூம் எடுத்திருக்கேன். சித்தி வீட்டுக்கு நேர் எதிர்க்கரை. வீட்டுக்கார அம்மா கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "குழாய் ஒழுகுது, பரவாயில்லையா?" டிப்போவுல தினம் பஸ் எஞ்சினைப் பிரிச்சு மாட்டுறவகிட்ட கேட்கிற கேள்வியா இது? அன்னைக்கே சரி பண்ணிட்டேன்.

நீங்க எத்தனை திட்டினாலும் இந்த ரூமை விடப்போறதில்ல. ஒரு சின்ன டார்ச் லைட் மட்டும் அனுப்புங்க, மாடிப்படி இருட்டா இருக்கு. ஜன்னலுக்குத் திரை தைக்கிறேன்னு அம்மா கிளம்பினா வேண்டாம்னு சொல்லிடுங்க. சாயங்காலமானா தண்ணிக்கு அந்தப் பக்கம் சித்தியோட அடுப்படி விளக்கு தெரியுது. அது எரிஞ்ச பிறகுதான் நானும் தட்டைப் போட்டு உட்காருறேன்.

டிப்போ வண்டி வந்துடுச்சு, கிளம்புறேன். அந்த விளக்கு விஷயத்தை மட்டும் சித்திகிட்ட சொல்லிடாதீங்க.

உங்க மக